மயிலுக்கும் பவளத்துக்கும் ஒரே சட்டம்

விராலிமலை என்றதும் நினைவுக்கு வருபவை இரண்டு. ஒன்று மலைமேல் இருக்கும் முருகன் கோவில். இன்னொன்று அங்கே திரியும் மயில்கள். அந்த மயிலைப் பிடித்து வீட்டில் வளர்க்கக் கூடாது என்பது சின்னப் பையனுக்கும் தெரியும். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் மயில் இருக்கிறது. கடலுக்கடியில் கல் போலக் கிடக்கும் பவளமும் அதே அட்டவணையில்தான் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. வீட்டுத் தொட்டியில் பவளம் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் அறிய வேண்டிய வரலாறு இது.

கல்லாக இருந்த காலம்

பவளப் பாறைக்குத் தமிழில் முருகைக்கல் என்றும் பெயர். மன்னார் வளைகுடாவில் அது வெகு காலம் கல்லாகவே நடத்தப்பட்டது. வெட்டி எடுத்து வீடு கட்டினார்கள். காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்கினார்கள். பிறகு தொழிற்சாலைகளுக்கும் போனது. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு நீருக்குள் மூழ்கிவிட்டன. பாறையை வெட்டியதே இதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. 1986இல் இத்தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 1989இல் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

கல்லாகாத பவளங்களும் உண்டு. அவைதான் மென்பவளங்கள். 1902இல் இலங்கையின் முத்துக்குளிப்புப் பகுதியை ஆராய வந்த பேராசிரியர் ஹெர்ட்மன் இவற்றையும் சேகரித்தார். அவற்றைப் பற்றிய அறிக்கையை எடித் பிராட் என்ற பெண் ஆய்வாளர் 1905இல் வெளியிட்டார்.

தொட்டிக்குள் வந்த கதை

சென்னை மெரினாவில் 1909லேயே கடல் மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. ஆனால் மீனை வளர்ப்பது வேறு, பவளத்தை வளர்ப்பது வேறு. 1961இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், கடல் நீர், உயிர்கள் ஒட்டிய பாறை, காற்றுக் குமிழ் இவற்றை மட்டும் வைத்துத் தொட்டியில் பவளம் வளர்க்கும் முறையை எழுதி வெளியிட்டார். பின்னர் ஜெர்மானியர்கள் அதை மேம்படுத்தினார்கள். எளிதில் சாகாது என்பதால் புதியவர்களுக்கு இன்றும் முதலில் சொல்லப்படுவது மென்பவளம்தான்.

எப்படி அடையாளம் காண்பது?

பவளத்தின் உடலில் பூப்போல விரிவது பாலிப். மென்பவளப் பாலிப்புக்கு எட்டுக் கரங்கள். ஒவ்வொரு கரத்தின் ஓரமும் இறகு போலப் பிளந்திருக்கும். கல் பவளத்துக்குக் கரங்கள் ஆறு அல்லது ஆறின் மடங்கு; இறகு இருக்காது. காளான் வடிவில் இருந்தால் சார்கோஃபைட்டான், விரல்கள் போலக் கிளைத்திருந்தால் பெரும்பாலும் சினுலேரியா.

இந்த அடையாளம் ஏன் முக்கியம்? 2001 ஜூலையில் கல் பவளங்கள் அனைத்தும், கரும்பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி, ஆர்கன் பைப் பவளம் ஆகியவையும் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. இதில் கடைசி இரண்டும் எட்டுக் கரம் உள்ளவை! ஆகவே "மென்பவளம்தானே, பரவாயில்லை" என்று கடைக்காரர் சொல்வதை நம்பி வாங்கக் கூடாது. சிவப்புக் குழாய்களை அடுக்கியது போல இருந்தால் அது ஆர்கன் பைப். செத்த பவளத்தை வைத்திருப்பதும் குற்றமே. மற்ற மென்பவளமாக இருந்தாலும் தேசியப் பூங்காவிலிருந்து எடுக்க முடியாது. தொட்டியிலேயே வெட்டி வளர்த்த துண்டுதானா என்று கேட்டு, ரசீதுடன் வாங்க வேண்டும்.

எப்படிப் பராமரிப்பது?

நம் ஊர் வெயில்தான் முதல் எதிரி. தண்ணீர் 24 முதல் 27 டிகிரி வரை இருப்பது நல்லது. சூடு கூடினால் பவளத்துக்குள் வாழ்ந்து உணவு தரும் நுண்பாசி வெளியேறி, பவளம் வெளுத்துவிடும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் நடந்ததும் இதுவே. எனவே குளிரூட்டும் கருவியும், மின்தடைக்கு மாற்று ஏற்பாடும் அவசியம். உப்பு லிட்டருக்கு 35 கிராம் அளவில் இருக்க வேண்டும்.

சார்கோஃபைட்டான் சில நாள் பாலிப்பை மூடிக்கொண்டு மெழுகு போன்ற தோலை உரிக்கும். செத்துவிட்டது என்று தூக்கி எறிந்தவர்கள் பலர். நீரோட்டத்தைக் கொஞ்சம் கூட்டினால் தோல் கழன்று மீண்டும் விரியும். மென்பவளங்கள் பக்கத்துப் பவளத்தை ஒடுக்க நீரில் நச்சுப் பொருள் கலக்கும். அதனால் இடைவெளி விட்டு வைத்து, வடிகட்டியில் கரித்தூள் போட வேண்டும்.

முடிவாக

இரண்டு தீவுகள் போன பிறகுதான் முருகைக்கல் ஒரு உயிர் என்று சட்டம் ஒப்புக்கொண்டது. மயிலைப் பார்க்க விராலிமலைக்குப் போகிறோம். யாரும் வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. கடலில் இருக்கும் பவளத்துக்கும் அதே மரியாதை வேண்டும். வளர்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் முதலில் கரங்களை எண்ணட்டும். எட்டு என்று வந்தாலும் பெயரை உறுதி செய்துவிட்டுப் பிறகு பர்ஸைத் திறக்கட்டும்.