வினாடிக்கு ஏழு துடிப்பு: குளிர்ந்த எஞ்சினும் இரட்டைக்கிளவியும்

இந்தி பேசும் ஊர்களில் மோட்டார் சைக்கிளுக்கு இன்றும் வழங்கும் பழைய பெயர் 'ஃபட்ஃபட்டியா'. மராட்டியில் 'ஃபட்ஃபட்டி'. வங்காளியில் 'பட்பட்டி', அதன் முதலொலி மூச்சு கலந்த வல்லின பகரம். சுந்தரவனக் கழிமுகத்தில் ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின் பூட்டிய படகுக்கும் அதே பெயர்தான். இவற்றை எந்தக் கலைச்சொற்குழுவும் ஆக்கித் தரவில்லை. காது ஆக்கிய சொற்கள் இவை. ஆதலால், பழைய எஞ்சின்கள் எப்படி ஓடின என்பதற்கு இச்சொற்களே ஒருவகைச் சான்று என்பது என் துணிபு.

ஒலியியல் வழியே இதைப் பார்க்கலாம். நான்கு-ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறைதான் எரிப்பு நிகழும். வண்டி நின்றபடி நிமிடத்துக்கு 900 சுற்று சுழன்றால் 450 வெடிப்புகள். அதாவது வினாடிக்கு ஏழரை. வினாடிக்கு ஏறத்தாழ 20 வரையிலான துடிப்புகளையே மனிதச் செவி தனித்தனியாகப் பிரித்துக் கேட்கும். அதற்கு மேற்பட்டால் அவை ஒன்றோடொன்று உருகி ஒரு சுருதியாகிவிடும். 4,000 சுற்றில் ஓடும் அதே எஞ்சினில் வினாடிக்கு 33 துடிப்புகள். அங்கே 'ஃபட்' கேட்காது, உறுமல்தான் கேட்கும். இரண்டு-ஸ்ட்ரோக் வண்டியோ ஒவ்வொரு சுழற்சியிலும் வெடிப்பதால், நின்றிருக்கும்போதே அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறது. ஆக, பெயர் கொடுத்த ஒலி விரைந்து செல்லும் வண்டியின் ஒலியன்று. வீட்டு வாசலிலோ தேநீர்க் கடை முன்போ நின்று சூடேறிக்கொண்டிருந்த வண்டியின் ஒலி அது.

தனித்தனியே கேட்கும் துடிப்பு இரட்டித்த சொல்லாவது இந்திய மொழிகளுக்குப் பொதுவான வழக்கு. இரட்டைக்கிளவி பிரிந்திசையாது என்பதைத் தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் விதியாகவே வைத்துள்ளது. ஒலிக்குறிப்புச் சொற்கள் இந்தோ-ஆரிய, திராவிட மொழிக்குடும்பங்களைக் கடந்து பொதுவாக வழங்குவதை மொழியியலாளர் மரே எமனோ 1969இல் ஒரு கட்டுரையில் விரிவாகக் காட்டினார். எஞ்சின் புதிது; அதற்குப் பெயர் வைத்த இலக்கணம் மிகப் பழையது.

தில்லியில் இச்சொல் ஒரு போக்குவரத்துச் சேவையின் பெயராகவும் இருந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் எஞ்சிய ஹார்லி-டேவிட்சன் ராணுவ வண்டிகளின் பின்னால் பயணிகள் இருக்கை பொருத்தி உருவாக்கிய 'ஃபட்ஃபட்' வண்டிகள், தலைநகர்ச் சாலைகளில் பல பத்தாண்டுகள் ஓடின. 45 பாகைக் கோணத்தில் அமைந்த அவற்றின் இரட்டை சிலிண்டர்கள் சம இடைவெளியில் எரிவதில்லை. ஒரு இடைவெளி 315 பாகை, மற்றது 405 பாகை. இணையாக அமைந்து சற்றே நொண்டும் அந்தத் துடிப்பைக் கேட்டவர்களுக்கு இரட்டைச்சொல் எளிதாக வாயில் வந்திருக்கும். காற்று மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைகளை அடுத்து, 1990களின் இறுதியில் அவை தெருவிலிருந்து மறைந்தன.

புல்லட்டின் கதை வேறு. இந்திய ராணுவத்தின் கொள்முதலை ஒட்டி, 1955இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்தன. சென்னையின் திருவொற்றியூரில் தயாரிப்பு வேரூன்றியது. 1970இல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு தயாரிப்பு நின்றுபோன பின்னும் இங்கே அது நிற்கவில்லை. 1950களின் வார்ப்பிரும்பு எஞ்சின், பெரிய மாற்றமின்றி, இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டு வரை உயிரோடிருந்தது. அதனால்தான் அதனைச் சூடேற்றும் கலையும் இங்கே அத்தனை காலம் வாழ்ந்தது.

அக்கலை கிக்கரில் காலை வைப்பதற்கு முன்பே தொடங்கும். கிக்கரை மெல்ல அழுத்தி, அம்மீட்டரின் முள் நடுவுக்கு வரும் இடத்தைக் கண்டுகொள்ள வேண்டும். டிகம்ப்ரஸர் நெம்புகோலைப் பிடித்துப் பிஸ்டனைச் சற்றே மேல்முனை கடத்தி, பிறகு நெம்புகோலை விட்டுவிட்டு ஒரே உதை. எஞ்சின் உயிர்பெற்றதும் கேட்பது சீரான தாளமன்று. குளிர்ந்த உலோகத்தில் பெட்ரோல் முழுதும் ஆவியாவதில்லை. உறிஞ்சு குழாயின் சுவரிலேயே படிந்துவிடுகிறது. அதை ஈடுகட்டக் கூடுதல் பெட்ரோல் வேண்டும், அதற்குத்தான் சோக். இன்னொருபுறம், குளிரில் எண்ணெய் தடித்திருப்பதால் உராய்வு மிகுந்து எஞ்சின் தடுமாறுகிறது. உலோகம் சூடேற ஏற, ஆவியாதல் கூடும், உராய்வு குறையும். அதே சோக் இப்போது மிகையாகிவிடும். துடிப்பு கனத்து, இருமி, அணைய முற்படும். அந்தக் கணத்தில் சோக்கை எடுத்துவிட வேண்டும். அந்தக் கணம் எதுவென்று எந்தக் கருவியும் சொல்லாது. காதுதான் சொல்ல வேண்டும்.

பத்து நிமிடம் நிறுத்தி உறும விட்டால்தான் எஞ்சினுக்கு நல்லது என்று நம்புவோர் இன்றும் உண்டு. நான் இதை ஏற்பதில்லை. மிகையான பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். அரை நிமிடமோ ஒரு நிமிடமோ நின்று, பிறகு மிதமாக ஓட்டுவதே மேல். அடைத்த கொட்டகைக்குள் சூடேற்றுவதோ கார்பன் மோனாக்சைடால் உயிருக்கே ஆபத்து.

பட்டறைச் சொற்களும் கவனத்துக்குரியன. 'ரேஸ் ஆகிறது' என்பதைச் சென்னை மெக்கானிக்கும் தில்லி மெக்கானிக்கும் ஒருங்கே புரிந்துகொள்வர். சுமையின்றி எஞ்சின் விரைந்து சுழல்வதைக் குறிக்கும் ஆங்கில வினைப்பொருளே அது. இங்கே அதன் பொருள் ஓட்டப்பந்தயமன்று. 'சோக்' என்றால் கழுத்தை நெரித்தல். ஆனால் பிற்காலப் புல்லட்டின் மிக்கார்ப் கார்புரேட்டரில் காற்றை நெரிக்கும் தகடே கிடையாது. தனி வழியில் பெட்ரோல் கூட்டும் ஒரு சிறு தண்டுதான் உண்டு. பொறி மாறிவிட்டது, பெயர் மாறவில்லை.

இந்தத் துடிப்பைக் கேட்டவர்களில் அரசும் ஒன்று. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் சூடான எஞ்சினை நின்ற நிலையில் சுழலவிட்டு, புகையில் கார்பன் மோனாக்சைடின் அளவைச் சோதிக்கச் சொல்கின்றன. 2000 மார்ச் 31 வரை தயாரான இருசக்கர வண்டிகளுக்கு 4.5 விழுக்காடு, அதற்குப் பின் பி.எஸ்.-6 விதிக்கு முன்வரை தயாரானவற்றுக்கு 3.5. சோதனை சூடான எஞ்சினில். தடுமாற்றமோ குளிர்ந்த எஞ்சினில். சான்றிதழுக்காகத் திருகைத் திருப்பிக் கலவையை மெலிதாக்கினால், மறுநாள் காலையில் வண்டி முரண்டு பிடிக்கும். எத்தனையோ வண்டிகளின் காலைநேரச் சிணுங்கலுக்குப் பின்னால் அப்படியொரு திருகல் இருந்திருக்கலாம்.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.-6 விதி நடைமுறைக்கு வந்தது. புதிய புல்லட்டில் கார்புரேட்டருக்கு இடமில்லாமல் போயிற்று. வெப்ப உணரி சொல்ல, கணினி பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது. குளிரில் சற்று வேகமாகத் தொடங்கி, தானாகவே தணிகிறது சுழற்சி. காற்றழுத்தம் கடல்மட்டத்தின் மூன்றில் இரு பங்காகக் குறையும் லேயிலும் அது தன்னைச் சரிசெய்துகொள்கிறது. நம் நுரையீரலுக்கு இது நன்மை. இதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், துடிப்பைக் கேட்டு நோயறிந்த ஒரு தலைமுறை மெக்கானிக்குகளின் சொற்தொகை எழுதப்படாமலே கரைகிறது. மின்சார வண்டிக்கோ நின்ற நிலைத் துடிப்பே கிடையாது.

ஆகையால் படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் மோட்டார் சைக்கிளுக்கு ஒலிக்குறிப்புப் பெயர் உண்டா? குளிர்ந்த எஞ்சின் இருமுவதை, ஏறி இறங்குவதை, அணையப்போவதை உங்கள் பட்டறையில் என்ன சொல் கொண்டு சுட்டுகிறார்கள்? சொல்லோடு ஊரையும், எந்த வண்டியைப் பற்றி அப்படிச் சொன்னார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.