பெயர் வந்த கதை – 7: அறுந்த காது

கோவாவில் பெர்னாண்டஸ், தூத்துக்குடியில் பர்னாந்து. வாலில் இருந்த 'ஸ்' எந்தக் கடலில் விழுந்தது என்று கேட்டுவிட்டுப் போன வாரம் நிறுத்தியிருந்தேன். அதைத் தேடுமுன் ஒரு காதைப் பார்த்துவிடுவோம்.

1530-களின் முத்துக்குளித்துறை. பணியாரம் விற்க வந்த பரதவப் பெண்ணிடம் ஒருவன் வம்பு செய்தான். அவள் புருஷன் தட்டிக்கேட்கப் போனான். கைகலப்பில் அவனுடைய வளர்த்த காது, கடுக்கனோடு அறுந்தது. கடற்கரையில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை இது. எதிர்த்தரப்பு, முத்து வியாபாரத்தில் கை ஓங்கியிருந்த மரைக்காயர்கள். சொன்னது ஒரு தரப்பு என்பதை மறக்கக்கூடாது. சண்டைக்குக் காது ஒரு சாக்கு. உள்ளே கிடந்தது முத்து.

அடிதடி ஊர் ஊராகப் பரவியபோது, ஜான் த குரூஸ் என்றொரு குதிரை வியாபாரி நடுவே வருகிறார். கோழிக்கோட்டு சாமூதிரி லிஸ்பனுக்கு அனுப்பி, அங்கே ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பியவர். 'போர்த்துக்கீசியரிடம் போங்கள்' என்பது அவர் சொன்ன யோசனை. பட்டங்கட்டிகள் கொச்சிக்குப் போனார்கள். பட்டங்கட்டி என்றால் ஊர்த்தலைவர். இந்தச் சொல்லைக் கொஞ்சம் முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கப்பற்படை வேண்டும் என்றார்கள் இவர்கள். சிலுவையை ஏற்றுக்கொள்ளுங்கள் என்றார்கள் அவர்கள். குருமுதல்வர் மிகுவேல் வாஸ் முன்னின்று நடத்தினார். 1537-க்குள் சுமார் 20,000 பேர் தண்ணீர் வாங்கிக்கொண்டார்கள். மறுவருஷம் வேதாளைச் சண்டையில் போர்த்துக்கீசியர் வாக்கைக் காப்பாற்றினார்கள்.

பெயர் மாறியது அந்தத் தண்ணீரில்தான். ஞானத்தகப்பனாக நின்ற போர்த்துக்கீசியனின் பெயரையே சூட்டிக்கொண்டார்கள் என்பது வழிவழிச் செய்தி. ஆகவே பர்னாந்து, மச்சாது, மிராந்தா என்று கேட்டதும் 'ஓ, போர்த்துக்கீசிய வம்சமா?' என்பவர்களுக்கு ஒரே பதில்தான்: கைமாறியது பெயர், ரத்தமல்ல. 1542-இல் சவேரியார் வந்து பார்த்தபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்குமேல் இவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. மந்திரங்களைத் தமிழில் பெயர்த்துச் சொல்லிக்கொடுத்தார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோகிறது என்று ரோமுக்கு எழுதினார்.

சரி, அந்த 'ஸ்'? போர்த்துக்கீசியத்தில் பெர்னாந்து என்பது ஆளுக்கு வைக்கும் பெயர். பெர்னாண்டஸ் என்றால் பெர்னாந்துவின் மகன், அதுதான் குடும்பப்பெயர். முத்துநகரில் ஆள்பெயரே குடும்பப்பெயர் ஆகிவிட்டது. என் கணிப்பில் இது நம் நாக்கு செய்த வேலை. நகர்மன்றத் தலைவராக இருந்து வல்லநாட்டிலிருந்து தூத்துக்குடிக்குத் தண்ணீர் கொண்டுவந்த ராவ்பகதூரைப் பாருங்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது குரூஸ் பெர்னாண்டஸ். தமிழ் மக்கள் வாயில் அதே மனிதர் குரூஸ் பர்னாந்து. ஒரே ஆளுக்குள் இரண்டும் குடியிருக்கின்றன.

ஆனால் கடலுக்கு அந்தப்பக்கம் இந்தக் கணிப்பு மட்டும் போதாது. இலங்கையில் பெரேரா, சில்வாவோடு போட்டி போடும் அளவுக்குப் பெர்னாண்டோக்கள். அவர்களில் பெரும்பாலோர் சிங்களம் பேசுகிறவர்கள். அதைவிட விசித்திரம், பல வீடுகளில் போர்த்துக்கீசியப் பெயருக்கு முன்னால் இன்னொரு பழைய பெயரும் நிற்கிறது.

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்குச் சமிந்த வாஸைத் தெரியும். ஸ்கோர்போர்டில் அவர் பெயருக்கு முன்னால் ஐந்து இனிஷியல் வரும்; வர்ணனையாளர்கள் மூச்சு வாங்குவார்கள். முழுப்பெயர் இது: வர்ணகுலசூரிய பட்டபெந்திகே உஷாந்த ஜோசப் சமிந்த வாஸ்.

கடைசியில் வாஸ். கொச்சியில் நம் ஆட்களுக்குத் தண்ணீர் ஊற்றியவரின் குடும்பப்பெயரும் அதுவே. அது தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டாவது பெயரை இன்னொரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பட்டபெந்தி. சிங்களத்தில் அதற்குப் பட்டம் கட்டப்பட்டவர் என்று பொருள்.

கொச்சிக்குப் போன பட்டங்கட்டி, நீர்கொழும்புக் கரையில் எப்படி இறங்கினார்?

(அடுத்த வாரம்)