ஒரு சொல்லில் நின்ற சிம்மாசனம்



பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு ‘கியோம் லெ பத்தார்’ என்ற பெயர் நினைவிருக்கும். பத்தார் என்றால் மணத்துக்கு வெளியே பிறந்தவன். நார்மண்டி கோமகனுக்கு அப்படிப் பிறந்தவர்தான் 1066-இல் இங்கிலாந்தை வென்று முடிசூடிய முதலாம் வில்லியம். பிறப்பு அவரைத் தடுக்கவில்லை. 225 ஆண்டுகள் கழித்து ஸ்காட்லாந்தில் கதை வேறாக இருந்தது.

‘சிங்கம்’ என்று பெயர்பெற்ற வில்லியம் 1165 முதல் 1214 வரை ஸ்காட்லாந்தை ஆண்டார். முறைப்படி மணந்த அரசி எர்மன்கார்டுக்குப் பிறந்த ஒரே ஆண்பிள்ளை இரண்டாம் அலெக்சாண்டர். மணத்துக்கு வெளியேயும் அரசருக்குப் பிள்ளைகள் பலர். அவர்களில் ஒருவர் ஹென்றி கலைட்லி. அவருடைய மகன் பேட்ரிக்.

1286 மார்ச்சில் மூன்றாம் அலெக்சாண்டர் இரவுப் பயணத்தில் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். அவருடைய பேத்தி, நார்வேயில் வளர்ந்த சிறுமி மார்கரெட், 1290-இல் வரும் வழியிலேயே ஆர்க்னி தீவுகளில் இறந்துபோனாள். நேர் வாரிசு அற்றுப்போனது. இங்கிலாந்தின் முதலாம் எட்வர்டு நடுவராக வந்து அமர்ந்தார். 13 பேர் அரியணை கேட்டு நின்றார்கள்.

அவர்களில் ஐந்து பேர் சிங்கம் வில்லியமுக்கு மணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைகளின் வழிவந்தவர்கள். நான்கு பேருக்குப் பெண்வழி. மகன் வழியில் வந்தவர் பேட்ரிக் ஒருவரே. அவர் சொன்ன வாதம் எளியது: ‘என் தகப்பனார் அரசருக்குச் சட்டப்படி பிறந்த பிள்ளை.’

இது சின்ன வாதமல்ல. முன்னணியில் இருந்த ஜான் பேலியலும் ராபர்ட் புரூசும் வில்லியமின் தம்பி டேவிட்டின் பெண்வழி வந்தவர்கள். அரசரின் மகன் வழி இருக்கும்போது தம்பியின் பெண்வழிக்கு இடமேது? ‘சட்டப்படி’ என்ற ஒரு சொல் நிலைத்திருந்தால் பேட்ரிக் எல்லோரையும் முந்தியிருப்பார்.

நிலைக்கவில்லை. அரசாங்க அலுவலகத்தில் காலம் தள்ளிய எனக்கு இதன் காரணம் நன்றாகப் புரிகிறது. திருமணப் பதிவேடு என்று எதுவும் இல்லாத காலம் அது. பிரான்சிலேயே ஞானஸ்நானப் பதிவேடு வைக்கச் சொல்லி அரசாணை வந்தது 1539-இல்தான். நூறு வருஷத்துக்கு முந்தைய கல்யாணத்துக்குச் சாட்சி சொல்ல யார் உயிரோடு இருப்பார்கள்? வாளால் வென்ற கியோமிடம் யாரும் அத்தாட்சி கேட்கவில்லை. பேட்ரிக் நின்றதோ வழக்கு மன்றத்தில். 104 பேர் கொண்ட மன்றம் விசாரித்து, 1292 நவம்பர் 17-இல் பேலியலுக்குத் தீர்ப்பாயிற்று.

ஆனாலும் பேட்ரிக் கேட்டதால் ஒரு நன்மை விளைந்தது. அரசர், மகன், பேரன் என்று மூன்று தலைமுறை வழக்குப் பதிவில் ஏறிவிட்டது. வழக்குப் போடாத எத்தனையோ குடும்பங்களுக்கு அந்த மூன்று தலைமுறைகூடக் கிடைப்பதில்லை. இன்றும் இங்கிலாந்தின் வடபகுதியில் கோலைட்லி என்ற குடும்பப்பெயர் உண்டு. பெயர் ஒத்திருப்பதால் மட்டும் அவர்கள் அரச வம்சமாகிவிட மாட்டார்கள். இடையில் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு காகிதம் வேண்டும்.

குடும்ப வரலாறு தேடும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. பரணில் பழைய வழக்குக் கட்டோ பாகப்பத்திரமோ கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தாத்தாக்கள் சண்டை போட்ட இடத்தில்தான் அவர்களுடைய பெயர்கள் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கும்.