ஒரு ரவையின் நீளம்

எங்கட கண்டாவளைப் பக்கம் மாரி மழை விட்டால், வயல் வரம்புகளில் துவக்கு ரவைகளின் வெற்றுக் கோதுகள் வெளியில தெரியும். சின்ன வயசில நாங்கள் அதுகளைப் பொறுக்கி, நீளம் பார்த்துப் பிரிச்சு விளையாடியிருக்கிறம். வெடிக்காத ரவையும் அதுக்குள்ள கிடக்கலாம், கண்டால் தொடக்கூடாது என்று பிறகுதான் விளங்கினது. ஆனால் நாங்கள் விளையாட்டாய்ப் பார்த்த அந்த நீளத்துக்கு ஒரு வரலாறு இருக்குது.

முதலில் அளவு. ஏகே-47 துவக்கின் ரவையை 7.62×39 என்று சொல்லுவினம். முதல் எண் குழலின் விட்டம், இரண்டாவது கோதின் நீளம், இரண்டும் மில்லிமீற்றரில். கோதின் வாயில் செருகியிருக்கிற சன்னத்தையும் சேர்த்தால் ரவையின் மொத்த நீளம் சுமார் 56 மில்லிமீற்றர். சன்னம் கோதுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்குது என்பதை இந்த மொத்த நீளத்தை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். மேலே நீண்டு நின்றால் துவக்கின் அறைக்குள் சரியாக அடங்காது. கூடுதலாக உள்ளே இறங்கினால் மருந்துக்குரிய இடம் குறைந்து அமுக்கம் எகிறும், சுடுகிறவருக்கே ஆபத்து. அதனாலதான் வெளிநாடுகளில் வெற்றுக் கோதைத் திரும்ப நிரப்புகிற வேட்டைக்காரர், நாங்கள் உயர்தரப் பௌதிகவியலில் பிடிச்ச அதே வேணியர் இடுக்கிமானியைக் கையில வைத்திருக்கினம்.

இந்த அளவுகள் எல்லாம் சுடுகிறவரின் பாதுகாப்புக்கு. சுடப்படுகிறவருக்காக யாராவது அளந்தார்களா? அதுக்குக் கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் இருக்கிற தம்தம் என்ற இடத்துக்குப் போகவேணும்.

1857இல் கொழுப்புத் தடவிய தோட்டா பற்றிய கதை பரவத் தொடங்கியதும் தம்தம்மில்தான். நாற்பது வருசம் கழித்து அதே ஊர் இன்னொரு தோட்டாவுக்குப் பெயர் கொடுத்தது. பிரித்தானியரின் .303 ரவை மொத்தம் 78 மில்லிமீற்றர் நீளம். சன்னத்தின் எடை 215 கிரெய்ன், அதாவது ஏறக்குறைய 14 கிராம். ஈயத்தின் மேல் முழுக்க உலோக உறை. 1895 சித்ரால் படையெடுப்பில், இந்தச் சன்னம் ஆளைத் துளைத்துக்கொண்டு போகுது, ஆனால் ஆள் விழுகிறானில்லை என்று படையினர் முறைப்பட்டார்கள். தம்தம் தொழிற்சாலைக்குப் பொறுப்பாக இருந்த கப்டன் நெவில் பேர்ட்டி-கிளே, சன்னத்தின் நுனியில் உறையைக் கொஞ்சம் விலக்கி ஈயம் வெளியே தெரிய விட்டார். அது உடம்பில் பட்டதும் விரிந்து சதையைக் கிழித்தது.

ஜெர்மன் அறுவை மருத்துவர் புரூன்ஸ் இப்படிப்பட்ட காயங்களை ஆராய்ந்து வெளியிட்டார். அவர் பாவித்தது வேட்டைச் சன்னம், அதில் ஈயம் வெளித்தெரிகிற நீளம் எங்கட தம்தம்மைவிட மிகக் கூட என்று பிரித்தானியர் வாதாடினார்கள். மனிச உடம்பைப் பற்றிய சண்டை, ஈயம் எவ்வளவு வெளியே தெரியலாம் என்ற சண்டையாக மாறிப்போனது. 1899 ஹேக் மாநாட்டில் பிரித்தானியப் பிரதிநிதி ஜோன் ஆர்டா வைத்த நியாயம் இன்னும் மோசம்: நாகரிகமான படைவீரன் காயம் பட்டால் நின்றுவிடுவான், 'காட்டுமிராண்டி' நிற்கமாட்டான்.

பிரித்தானியாவும் அமெரிக்காவும் எதிர்த்தும் தடை நிறைவேறியது. ஆனால் அதிலேயே ஒரு ஓட்டை: கையெழுத்திட்ட நாடுகள் தங்களுக்குள் சண்டை பிடித்தால் மட்டுமே அது செல்லும். அப்ரீடிப் பழங்குடிகளையோ சூடான் மக்களையோ அது காக்கவில்லை.

பிரித்தானியா 1907இல் கையெழுத்திட்டது. 1910இல் .303க்குப் புதுச் சன்னம் வந்தது. உறை முழுமையானது, எடை 174 கிரெய்ன். எடையைக் குறைத்தும் நீளத்தை விடாமலிருக்க, முன்பகுதிக்குள் ஈயத்துக்குப் பதிலாக அலுமினியம் வைத்தார்கள். பின்பக்கம் பாரமானதால் உடம்புக்குள் போனதும் அது புரண்டு கிழித்தது. சட்டம் வெளியுறையைப் பார்த்தது, தொழிற்சாலை உள்ளே மாற்றியது. முதலாம் உலகப்போர் முழுக்க ஓடியது அந்தச் சன்னம்தான். .303 துவக்கு இலங்கைப் பொலிசாரின் கையிலும் நீண்டகாலம் இருந்தது.

1998 ரோம் சாசனம் விரியும் சன்னத்தைப் போர்க்குற்றமாக எழுதியது, நாடுகளுக்கு இடையிலான போருக்கு மட்டும். ஒரு நாட்டுக்குள் நடக்கிற போருக்கும் அந்தப் பிரிவைச் சேர்க்கக் கம்பாலா மாநாட்டில் முடிவெடுத்தது 2010இல். வன்னியில் போர் முடிந்து ஒரு வருசத்துக்குப் பிறகு. இலங்கை அந்தச் சாசனத்தில் இன்றுவரை சேரவுமில்லை.

கோதுக்குள் சன்னம் இறங்கவேண்டிய ஆழத்தை ஒரு மில்லிமீற்றரும் பிசகாமல் அளக்க மனிசருக்குத் தெரிஞ்சிருந்தது. அது யாருடைய உடம்புக்குள் இறங்கினாலும் குற்றம்தான் என்று எழுத மட்டும் நூறு வருசத்துக்கு மேல எடுத்திருக்குது. வரம்பில கோதைக் காணேக்க எங்களுக்கு இப்ப நீளம் ஞாபகம் வாறதில்லை. அந்த நூறு வருசம்தான் ஞாபகம் வருது.