மிலாறு அடுப்பும் கைமருந்தும்: ஊவாத் தோட்டங்களின் வீட்டு வைத்தியத்தை உழைப்பின் வரலாறாக வாசித்தல்

ஆய்வுச் சுருக்கம்

பதுளை மாவட்டத் தேயிலைத் தோட்டங்களில் தடிமன், இருமல், வயிற்றோட்டம், சேற்றுப்புண் முதலிய அன்றாட உபாதைகளுக்கு வீட்டிலேயே செய்துகொள்ளும் கைமருந்தைத் தமிழகச் சித்த மருத்துவத்தின் எச்சம் என்று கொண்டாடுவோர் உண்டு. அறியாமை என்று ஒதுக்குவோரும் உண்டு. இக்கட்டுரை இரு நிலைப்பாடுகளையும் மறுக்கிறது. தோட்டத்துக் கைமருந்து பெரும்பாலும் இந்த மலையில் உருவானது. அதன் சரக்கு, பக்குவம், அது தீர்க்க முயலும் நோய் ஆகிய மூன்றிலும் தோட்ட உழைப்புமுறையின் தடம் உள்ளது. எனவே கைமருந்தைப் பேணுவதையும் தோட்ட மக்களுக்குச் சமமான மருத்துவ வசதி கோருவதையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பதே இதன் வாதம்.

திறவுச் சொற்கள்: மலையகத் தமிழர், ஊவா, கைமருந்து, தோட்டச் சுகாதாரம், பெண்களின் அறிவு

1. கேள்வி

பசறையிலோ அப்புத்தளையிலோ ஒரு லயத்துக்குப் (தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப்) போனால், இஸ்தோப்பின் ஓரத்தில் பழைய பால்மா டின்னில் கற்பூரவள்ளி தழைத்து நிற்பதைக் காணலாம். பிள்ளைக்குச் சளி கட்டினால் இரண்டு இலையைக் கிள்ளி, தணலில் வாட்டி, உள்ளங்கையில் கசக்கிச் சாறு பிழிவார்கள். பெரியவர்களுக்குக் கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்த தண்ணீர். தலைப்பாரத்துக்கு யூக்கலிப்டஸ் இலை போட்டு வேது. வயிற்றோட்டத்துக்குக் கொய்யாக் கொழுந்து. அட்டை கடித்த இடத்துக்குச் சுண்ணாம்பு.

இவற்றைப் பட்டியலிடுவது எளிது. மூலிகை நூல்கள் பலவும் அதோடு நின்றுவிடுகின்றன. எந்தச் செடி ஏன் கைக்கு எட்டியது, மருந்தை எவ்வளவு நேரம் காய்ச்ச முடிந்தது, அந்த நோய் எங்கிருந்து வந்தது என்பவை அங்கே கேட்கப்படுவதில்லை. இக்கேள்விகளை எழுப்பினால் அடுப்பில் கொதிக்கும் பானையே ஒரு வரலாற்று ஆவணமாகிவிடுகிறது.

2. சரக்கு: ஒரு பானையில் பல மண்

1820கள் தொடங்கிக் கோப்பிக்கும், 1867க்குப் பின் தேயிலைக்கும் இந்நாட்டு மலைகளுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் பக்கத்து வறண்ட சமவெளிக்காரர்கள். வேம்பும் நொச்சியும் ஆவாரையும் அவர்களுடைய ஊர் வேலியிலும் தரிசிலும் நின்றவை. பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பண்டாரவளை 1,200 மீற்றரைத் தாண்டும். அப்புத்தளை 1,400ஐத் தாண்டும். வெயிலில் செழிக்கும் வேம்புக்கு அந்தப் பனியும் மூடுபனியும் ஒத்துவராது. ஊரிலிருந்து பக்குவத்தை நினைவில் கொண்டுவர முடிந்தது. மரத்தைக் கொண்டுவர முடியவில்லை.

அந்த வெற்றிடத்தைப் புதுச் செடிகள் நிரப்பின. நொச்சி வெந்த வேதுப் பானைக்குள் யூக்கலிப்டஸ் வந்தது. அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த இம்மரத்தைத் தோட்ட நிர்வாகங்கள் விறகுக்கும் காற்றுத் தடுப்புக்கும் நட்டன. யாருடைய தேவைக்கோ வைத்த மரத்தின் இலையைத் தொழிலாளர் தங்கள் மருந்தாக்கிக்கொண்டார்கள். கானோரத்து ஈரத்தில் படர்ந்த வல்லாரை சம்பலாகவும் சாறாகவும் சேர்ந்தது.

அயல் சிங்களக் கிராமங்கள் தந்ததும் குறைவல்ல. கொத்தமல்லி, இஞ்சி, பற்படாகம், கண்டங்கத்திரி, மரமஞ்சள் ஆகிய ஐந்தும் சேர்ந்த ‘பஸ்பங்குவ’ இன்று தோட்டத்துக் கடைகளில் பொட்டலமாகக் கிடைக்கிறது. தமிழ் நிகண்டு மரபு ‘மரமஞ்சள்’ என்றாலும் கடையில் பலர் ‘வெனிவெல்’ என்றுதான் கேட்கிறார்கள். ஆவாரையை ‘ரணவரா’ என்றும் நன்னாரியை ‘இரமுசு’ என்றும் சொன்னால் இரு தரப்புக்கும் புரியும். கீழ் ஊவாவில் பிபிலைக்கு அப்பால் நில்கலைப் புல்வெளிக் காடுகளில் கடுக்காய், தான்றி, நெல்லி மூன்றும் இயற்கையாக வளர்கின்றன. தமிழர் திரிபலை என்றும் சிங்களவர் அரலு, புளு, நெல்லி என்றும் அழைக்கும் சரக்கு இரு மரபுக்கும் ஒரே காட்டிலிருந்து கிடைக்கிறது.

‘வீட்டு மருந்து’ என்ற பெயர் அதைச் சந்தைக்கு வெளியே நிற்பதாக எண்ணவைக்கும். ஆனால் கொத்தமல்லி பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கு. 2020இல் மஞ்சள் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது விலை பல மடங்கு ஏறி, அன்றாடச் சமையலிலேயே அதைக் கிள்ளிப் போட வேண்டியதாயிற்று. காட்டுச் சரக்கும் முடிவில்லாததல்ல. மரமஞ்சள் கொடி இலங்கைக் காடுகளில் அருகிவருகிறது.

3. பக்குவம்: பேரும் நேரமும்

கஷாயத்துக்குரிய பழைய விதி எட்டொன்றாய்க் காய்ச்சுவது. எட்டுப் பங்கு தண்ணீர் ஒரு பங்காய் வற்றும்வரை சிறு தீயில் வைக்க வேண்டும். தமிழ், சிங்கள வைத்தியர்கள் இருவருக்கும் இவ்விதி பொது. இதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் அடுப்பும், பக்கத்தில் ஆளும் வேண்டும்.

ஒரு கொழுந்துக்காரியின் விடிகாலை அடுப்பைப் பார்ப்போம். தேநீர், ரொட்டி, சம்பல், பிள்ளைக்குச் சோறு எல்லாம் பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) முன் முடிய வேண்டும். எரிபொருள், கவ்வாத்து மலையிலிருந்து சுமந்து வந்த மிலாறு (வெட்டிய தேயிலைக் குச்சி). மழைக்காலத்தில் அது ஈரமாக இருந்தால் எரிவதைவிடப் புகைவதே அதிகம். இந்த அடுப்பில் எட்டொன்றுக்கு இடமில்லை. கொத்தமல்லியை வெறுஞ்சட்டியில் வாசம் வர வறுத்து, இஞ்சியைத் தட்டிப் போட்டு, தண்ணீர் பாதியானதும் இறக்கிவிடுவதே வீட்டுப் பக்குவம். நூல் விதியை அறியாததால் இப்படிச் செய்கிறார்கள் என்று கொள்வது தவறு. இது நாட்சம்பளத்துக்குள் அடங்கும்படி சுருக்கிய பக்குவம்.

கைமருந்தை முதலில் நாடுவதற்கும் இதே காரணம் உண்டு. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் ‘பேர்’ என்று பெயர். வேலை நேரத்தில் டிஸ்பென்சரி வாசலில் காத்திருந்தால் முழுப் பேர் அரைப் பேராகும், அல்லது அதுவும் போகும். காலையில் ஒரு கோப்பைக் கொத்தமல்லித் தண்ணீரோடு மலைக்கு ஏறுவதை மரபுப் பற்று என்று மட்டும் விளக்கினால், அந்தப் பெண் மனதுக்குள் போடும் கணக்கு நம் ஆய்விலிருந்து விடுபட்டுப்போகும்.

4. நோய்: உடம்பில் பதிந்த தோட்டம்

தோட்டத்து ‘அன்றாட நோய்கள்’ பலவும் தொழிலும் லயமும் தருபவை. ஈர மலையில் நாளெல்லாம் நிற்பதால் சேற்றுப்புண். கூடைக் கயிறு உச்சந்தலையில் அழுத்துவதால் தலைவலியும் கழுத்து வலியும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவும் புகைபோக்கி இல்லாத குசினியும் சேர்ந்து தரும் இருமல். அந்த இருமலுக்கு மருந்து வேண்டிப் பெண்கள் மீண்டும் அதே அடுப்பை ஊதுகிறார்கள். கஷாயம் தொண்டைக்கு இதம் தருவது உண்மை. அதைக் காய்ச்சும்போது நெஞ்சுக்குள் போகும் புகையும் உண்மை. புகைபோக்கி வைத்த குசினி எந்தக் கஷாயத்தையும்விட அந்த நெஞ்சுக்கு நல்ல மருந்து.

தோட்டத் தொழிலாளரின் மருத்துவம் முதலாளியின் கடமை என்பதைக் குடியேற்ற அரசே ஒப்புக்கொண்டிருந்தது. கோப்பி மாவட்டங்களுக்கான மருத்துவ உதவிச் சட்டம் 1872இல் வந்தது. மருத்துவத் தேவைகள் பற்றியும் தொழிலாளர் நோய்கள் பற்றியும் இரு சட்டங்கள் 1912இல் வந்தன. அவை பெற்றெடுத்த தோட்டச் சுகாதார முறை, நாட்டின் பொதுச் சுகாதார சேவைக்கு வெளியே தனித் தீவாக நின்றது. கிராமத்தவருக்கு அரசு மருத்துவம் உரிமையானபோது, தோட்டத்தவருக்கு அது நிர்வாகம் பார்த்துச் செய்யும் ஏற்பாடாகவே இருந்தது. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பெனிகளுக்குப் போயிற்று. தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கும் பணியோ பகுதி பகுதியாகவே நகர்ந்தது. தலைமுறைகளாக அந்த இடைவெளியில் நின்று பிள்ளைகளைக் காத்தவர்கள் அப்பாயிகளும் அம்மாயிகளும் மருத்துவச்சிகளும்தான். அவர்களுடைய அறிவுக்கு மரியாதை செய்வதென்றால் அந்த இடைவெளியையும் சேர்த்தே பேச வேண்டும்.

5. எல்லை: எது மருந்து, எது ஆபத்து

மரியாதை என்பது கண்மூடி ஏற்பது ஆகாது. கற்பூரவள்ளியின் கார்வக்ரோல், யூக்கலிப்டஸின் சினியோல், மரமஞ்சளின் பெர்பரின், கொய்யா இலையின் டனின் ஆகியவை ஆய்வுகூடங்களில் ஆராயப்பட்டவை. முன்னோர் பழக்கத்தில் பொருள் உண்டு என்பதற்கு அவை சான்று. அதே ஆய்வுதான் எச்சரிக்கையும் தருகிறது. பிள்ளைக்கு உரைத்துக் கொடுக்கும் வசம்பில் பீட்டா-அசரோன் உண்டு. எலிகளில் புற்றுநோய் உண்டாக்கியதால் அமெரிக்கா 1968இல் உணவில் வசம்பைத் தடை செய்தது. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பதும் ஆகாது.

எல்லை எங்கே என்பதைக் குளவிக்கொட்டு தெளிவாகக் காட்டும். கொழுந்து மலையில் ஒன்றிரண்டு கொட்டினால் சுண்ணாம்பு தடவிச் சமாளிப்பார்கள். கூடு கலைந்து கூட்டமாகத் தாக்கினாலோ, கொட்டுப்பட்டவருக்கு மூச்சுத் திணறி முகம் வீங்கினாலோ வேண்டியது அட்ரினலின் ஊசி. அங்கே சுண்ணாம்பு தேடும் ஒவ்வொரு நிமிடமும் உயிரைக் கரைக்கும். வயிற்றோட்டத்தில் கொய்யாக் கொழுந்து போக்கைத் தணிக்கலாம். பிள்ளையின் உயிரைக் காப்பது இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் ஜீவனிதான். டெங்குக் காலத்தில் இரண்டு நாளுக்கு மேல் நீடிக்கும் காய்ச்சலுக்கு இரத்தப் பரிசோதனை வேண்டும்.

பறிக்கும் இடமும் கவனத்துக்குரியது. கிளைபோசேற் என்ற களைகொல்லி 2015இல் தடைசெய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. களைகொல்லி அடித்த மலையின் கானில் முளைத்த வல்லாரை, பார்வைக்குப் பச்சையாக இருந்தாலும் பிள்ளைக்குக் கொடுக்கத் தக்கதல்ல. எங்கே மருந்து அடித்தார்கள், என்று அடித்தார்கள் என்பதைத் தொழிலாளருக்குச் சொல்வது நிர்வாகத்தின் கடமை.

6. முடிவுரை: டின்னிலிருந்து மண்ணுக்கு

இலங்கை 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தால் சித்தத்தையும் யூனானியையும் சேர்த்தே அங்கீகரித்தது. ஆயுர்வேதத் திணைக்களத்தின் மூலிகைத் தோட்டங்கள் இரண்டு பதுளை மாவட்டத்திலேயே, ஹல்துமுல்லையிலும் கிராந்துருகோட்டையிலும் உள்ளன. 2005 முதல் பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இயங்குகிறது. லயத்து மூதாட்டிகளின் பக்குவங்களை அவர்கள் பெயரோடும் சம்மதத்தோடும் இரு மொழியிலும் பதிவுசெய்யவும், எது பயன், எது தீங்கு என்று சோதித்து அவர்களிடமே திருப்பிச் சொல்லவும் வேண்டிய கட்டமைப்பு அருகிலேயே இருக்கிறது. அந்தப் பணி, டிஸ்பென்சரியில் மருந்தும் ஆளும் நிரந்தரமாக இருக்க வேண்டும் என்ற கோரிக்கையோடு சேர்ந்தே நடக்க வேண்டும். ‘அவர்களுக்குக் கைமருந்து இருக்கிறதே’ என்ற பாராட்டு, டாக்டர் வராததற்குச் சாக்காகிவிடக் கூடாது.

தொடக்கத்தில் கண்ட கற்பூரவள்ளிக்குத் திரும்புவோம். ஒரு தண்டை ஒடித்து ஊன்றினாலே வேர்விடும் செடி அது; டின் அதற்குத் தேவையில்லை. ஆனால் லயத்து வாசல் மண் குடியிருப்பவருக்குச் சொந்தமில்லை. காம்பரா மாறச் சொன்னால் மாற வேண்டும். மாறும்போது செடியையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பல தலைமுறை அறிவு கைப்பிடி மண்ணில் நின்றது அதனால்தான். 2015க்குப் பின் தனி வீட்டுக்கென்று 7 பேர்ச் காணி கிடைத்த குடும்பங்கள் சில உண்டு. லயத்தில் மீதமிருக்கும் எல்லோருக்கும் அந்தக் காணி உறுதி கிடைக்கும்போதுதான் ஊவாவின் கைமருந்துக்கு மூலிகைத் தோட்டம் அமையும். கைமருந்தைக் காக்க விரும்பும் ஆய்வாளர் முதலில் எழுத வேண்டியதும் அந்த மண்ணைப் பற்றித்தான்.