எஸ்தோனியாவின் அடையாள அட்டை

அரசாங்கம் ஆற்றவேண்டிய பணியைத் தனியார் கையில் ஒப்படைத்து நடத்துவிக்கும் வழக்கம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. பண்டைய உரோமாபுரியில் மாகாணங்களின் வரியைத் தண்டும் உரிமையை வணிகர் குழுக்கள் ஏலத்தில் எடுத்தன. நமது நாட்டிலும், ஆங்கிலேயர் ஆட்சியின்போது, சாராயம் விற்கும் உரிமை ஏலத்தில் குத்தகைக்கு விடப்பட்டது. இவ்விரு முறைகளிலும் அரசுக்குச் சேரவேண்டிய பணம் உறுதியாயிற்று. ஆனால் குடிமக்கள் முகங்கொடுக்க வேண்டியிருந்தது அரச அதிகாரிக்கன்று, குத்தகைக்காரருக்கே. குறை நேர்ந்தால் யாரிடம் முறையிடுவது என்ற வினா அன்றே எழுந்தது. அதே வினா கணினி யுகத்தில் எவ்வாறு மீண்டும் எழுந்தது, ஒரு சிறு நாடு அதற்கு எவ்வாறு முகங்கொடுத்தது என்பதை இன்று ஆராய்வோம்.

அந்நாடு எஸ்தோனியா. பால்டிக் கடலோரத்தில், பின்லாந்துக்குத் தெற்கே அமைந்துள்ள அது, பரப்பில் இலங்கையைவிடச் சிறியது. மக்கள்தொகையோ ஏறத்தாழ 13 இலட்சமே. 1991ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் சோவியத் ஒன்றியத்திலிருந்து பிரிந்து மீண்டும் சுதந்திரம் பெற்றபோது அதன் திறைசேரியில் செல்வம் குறைவு. அரசாங்க இயந்திரத்தையும் புதிதாகவே அமைக்கவேண்டியிருந்தது. அக்காலத்தில் அங்கே எழுந்த வங்கிகள் புதியனவாதலால், பழைய முறைகளைக் கட்டிக் காக்கும் சுமை அவற்றுக்கு இருக்கவில்லை. 1996ஆம் ஆண்டளவிலேயே இணையத்தின் வழியாகப் பணக் கொடுக்கல் வாங்கலை நடத்த அவை தொடங்கிவிட்டன.

2000ஆம் ஆண்டில் அரசாங்கம் வருமானவரிக் கூற்றுகளை இணையத்தின் மூலம் ஏற்க முற்பட்டது. எதிரே இருப்பவர் இன்னார்தாம் என்று அறிவதற்கு அரசிடம் சொந்தக் கருவி எதுவும் அப்பொழுது இல்லை. ஆகவே, வங்கிகள் தம் வாடிக்கையாளருக்கு வழங்கியிருந்த இரகசிய எண்களையே வரித் திணைக்களமும் ஏற்றுக்கொண்டது. அரச அலுவலகத்தின் கதவை வங்கியின் திறவுகோலால் மக்கள் திறந்தனர் என்று சொல்லலாம்.

இந்நிலை நெடுங்காலம் நீடிக்கலாகாது என்று அரசு உணர்ந்திருந்தது. மையினால் இடும் கையெழுத்துக்குரிய மதிப்பை இலத்திரனியல் கையெழுத்துக்கும் அளிக்கும் சட்டம் 2000ஆம் ஆண்டில் நிறைவேறியது. மறு ஆண்டில், இரண்டு பெரிய வங்கிகளும் இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்களும் கூடி, அக்கையெழுத்து உண்மையானதென உறுதிசெய்யும் நிலையமொன்றை நிறுவின. 2002ஆம் ஆண்டு ஜனவரியில் முதலாவது இலத்திரனியல் அடையாள அட்டைகள் வழங்கப்பட்டன. அட்டையை ஆக்கியது சுவிற்சர்லாந்து நிறுவனமொன்றின் கிளை. சான்றுகளைப் பேணியது வங்கிகளின் நிலையம். அட்டைக்குரியவர் யாரெனத் தீர்மானித்து அதனை வழங்கியதோ அரசாங்கம்.

அரச பதிவேடுகளை ஒன்றோடொன்று இணைக்கும் வழியும் 2001ஆம் ஆண்டிலேயே அமைந்தது. ‘எக்ஸ்-றோட்’ எனப்படும் அதனை உருவாக்கும் பணியில் சைபர்நெட்டிக்கா என்ற தனியார் நிறுவனம் பெரும்பங்கு கொண்டது. எல்லா விபரங்களையும் ஓரிடத்தில் குவிக்காமல், அந்தந்தத் திணைக்களம் தன் பதிவேட்டைத் தானே வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது தேவையானதை மட்டும் பிறருக்கு வழங்குவதே அதன் அமைப்பு. ஆதலால், வழியை அமைக்கத் துணைநின்ற நிறுவனம் பதிவேடுகளின் உடைமையாளர் ஆகவில்லை.

அட்டையைக் கொடுத்துவிட்டால் மக்கள் அதனைப் பயன்படுத்திவிடுவர் என்பதற்கில்லை. தொடக்கத்தில் பெரும்பாலோர் அதனைப் பணப்பையில் வைத்துக்கொண்டு, பழகிய வங்கி எண்களையே தொடர்ந்து பயன்படுத்தினர். இங்கேதான் தனியாரின் துணை பெரிதும் உதவிற்று. வங்கிகளும் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் பிறவும் 2001ஆம் ஆண்டில் தொடங்கிய ஓர் அறநிலையம், ஏறத்தாழ ஓர் இலட்சம் பேருக்குக் கணினியின் அடிப்படைப் பயிற்சியை இலவசமாக அளித்தது. இதில் வங்கிகளுக்கும் இலாபம் உண்டு. இணையத்தை நாடும் வாடிக்கையாளர் பெருகினால் கிளைகளின் செலவு குறையும். பொதுநலமும் தன்னலமும் ஒரே திசையில் சென்றமையாலேயே அக்கூட்டு முயற்சி வலுப்பெற்றது. 2005ஆம் ஆண்டு உள்ளூராட்சித் தேர்தலில் இணையத்தின் வழியே வாக்களிக்கவும் அட்டை பயன்பட்டது.

பெருஞ் சோதனை 2017ஆம் ஆண்டில் வந்தது. செக் நாட்டின் மசாரிக் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆராய்ச்சியாளர், இன்பினியோன் என்ற ஜெர்மானிய நிறுவனம் ஆக்கிய சில்லுகளில் குறையொன்றைக் கண்டறிந்தனர். அக்குறையினால், உரியவரின் இரகசியத் திறவுகோலைப் பிறர் கணித்தறிய இடமிருந்தது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபரிலிருந்து வழங்கப்பட்ட ஏறத்தாழ 7,50,000 எஸ்தோனிய அட்டைகளில் இச்சில்லு இருந்தது. செய்தி ஓகஸ்ட் இறுதியில் அரசாங்கத்துக்கு எட்டியது. தேர்தலோ ஒக்டோபரில்.

மூடி மறைக்க எண்ணியிருந்தால் அதற்குக் காரணம் காட்டுவது கடினமன்று. சில்லு ஒரு நிறுவனத்துடையது. அட்டை மற்றொரு நிறுவனத்துடையது. ஆயினும் செப்தெம்பர் 5ஆம் திகதியே அரசாங்கம் செய்தியை வெளிப்படையாக அறிவித்தது. தேர்தல் நடந்தேறியது. நவம்பர் 3ஆம் திகதி நள்ளிரவில், புதுப்பிக்கப்படாத அட்டைகளின் இலத்திரனியற் சான்றுகள் இடைநிறுத்தப்பட்டன. மக்கள் இணையத்தின் வழியாகவோ, பொலிஸ் சேவை நிலையங்களுக்குச் சென்றோ அட்டைகளைப் புதுப்பித்துக்கொண்டனர். கைத்தொலைபேசி வழியே இயங்கும் வேறோர் அடையாள முறை இக்குறையினால் தாக்கப்படவில்லை. அது அவ்வேளையில் பெருந்துணையாயிற்று. களவாடப்பட்ட திறவுகோல் எதுவும் பயன்படுத்தப்பட்டதாக அறியப்படவில்லை.

அட்டைகளை வழங்கிய நிறுவனம் அதற்கு முன்னரே ஜெமால்ட்டோ என்ற பெருநிறுவனத்தின் கைக்கு மாறியிருந்தது. சில அட்டைகளின் திறவுகோல்கள் ஒப்பந்தத்துக்கு மாறாகச் சில்லுக்கு வெளியே ஆக்கப்பட்டன என்ற வேறொரு குற்றச்சாட்டின் பேரில், 2018ஆம் ஆண்டில் அரசாங்கம் 152 மில்லியன் யூரோ கோரி வழக்குத் தொடுத்தது. 2021ஆம் ஆண்டில் அவ்வழக்கு 2.2 மில்லியன் யூரோவுடன் சமாதானமாக முடிந்தது. கோரியதற்கும் பெற்றதற்கும் இடையிலுள்ள தூரம் சிந்திக்கத்தக்கது. இழப்புக்கு ஈடாக வழக்குமன்றத்தின் மூலம் பெறக்கூடியது சொற்பமே. முன்னெச்சரிக்கையும் கண்காணிப்புமே அரசுக்கு மெய்யான காப்பு.

இவ்வரலாறு தனியாரை நம்பலாகாது என்று போதிப்பதன்று. வங்கிகள் இல்லையெனில் எஸ்தோனியாவின் அட்டை பணப்பையிலேயே கிடந்திருக்கும். ஆயினும் மூன்று காரியங்களை அவ்வரசு பிறர் கையில் விடவில்லை. பதிவேடுகள் அதன் பொறுப்பில் இருந்தன. ஒரு வழி அடைபட்டபோது மறுவழி திறந்திருந்தது. ஆபத்து நேர்ந்தவேளை மக்கள்முன் நின்று விடைகூறியதும் அரசேயாகும். 2018ஆம் ஆண்டு டிசம்பரில் வேறொரு நிறுவனம் ஆக்கிய புதிய அட்டைகள் வழக்கத்துக்கு வந்தபோதும் குடிமகனின் உரிமை எதுவும் மாறவில்லை.

கச்சேரி வாயிலில் காத்துநின்று பத்திரம் பெற்ற தலைமுறையினர் நம்மிடையே இன்றும் உளர். அங்கே தாமதம் இருந்தது. ஆயினும் முறையிடுவதற்கு ஒரு மேசையும், அதன் பின்னே ஓர் அதிகாரியும் இருந்தனர். இலத்திரனியல் சேவைகள் நம் நாட்டிலும் பெருகிவரும் இக்காலத்தில், எந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் எழுதப்பட்டாலும், அந்த மேசை எங்கே இருக்கும், அதன் பின்னே யார் அமர்ந்திருப்பார் என்பதை ஒப்பந்தம் எழுதுமுன்னரே கேட்டறிவது குடிமக்களின் கடமையாகும்.