கோடு வந்தது, அளவு வரவில்லை: சாமுவேல் பிளிம்சாலும் பிரிட்டனின் கப்பல் பாதுகாப்புச் சட்டங்களும் (1868–1890)

ஒரு கப்பலில் எவ்வளவு சரக்கு ஏற்றலாம் என்பதை 1870கள் வரை பிரிட்டனில் கப்பல் முதலாளியே முடிவு செய்தார். 1890இல் அந்த முடிவு அரசின் கைக்கு வந்தது. இந்த மாற்றத்தை, டெர்பி தொகுதியின் லிபரல் கட்சி உறுப்பினர் சாமுவேல் பிளிம்சாலின் நாடாளுமன்றப் பணிவழியே இக்கட்டுரை ஆராய்கிறது. 1875இல் அவர் அவையில் கொதித்தெழுந்த காட்சியைப் பற்றியே பலரும் எழுதியிருக்கிறார்கள். அக்காட்சி ஒரு சட்டத்தைப் பெற்றுத்தந்தது உண்மை. ஆனால், கப்பலின் பக்கத்தில் கோடு வரைய வேண்டும் என்ற அச்சட்டம், அதை எங்கே வரைய வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த இடத்தைக் கணக்கிட்டுக் குறிக்கும் பொறுப்பு முதலாளியிடமிருந்து விலகிய பிறகே மாலுமியின் உயிருக்கு உண்மையான காப்பு கிடைத்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சிறைக்கும் கடலுக்கும் நடுவே

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் உலகக் கடல் வணிகத்தில் பிரிட்டிஷ் கப்பல்களே முன்னின்றன. நிலக்கரி, தானியம், மரம் ஆகியவை பழைய கப்பல்களிலும் அளவுக்கு மீறி ஏற்றப்பட்டன. ஓட்டைக் கப்பலுக்கும் காப்பீடு கிடைத்தது. கப்பல் மூழ்கினால் முதலாளிக்கு இழப்பில்லை. மதிப்பைக் கூட்டிக் காப்பீடு செய்திருந்தால் லாபமும் உண்டு. காப்பீட்டுப் பொறுப்பைப் பலர் சிறு பங்குகளாகப் பிரித்து ஏற்றிருந்ததால், சந்தேகம் எழுந்தாலும் வழக்குச் செலவை ஏற்று நீதிமன்றம் செல்ல எவரும் முன்வரவில்லை. மாலுமிகள் இவற்றுக்கு வைத்த பெயர் ‘சவப்பெட்டிக் கப்பல்கள்’.

மாலுமிக்குச் சட்டத்தில் தப்பும் வழி குறைவாகவே இருந்தது. 1854ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் கப்பலேற மறுத்தால் பத்து வாரம் வரை சிறையில் அடைக்கலாம். கப்பலின் நிலையைக் கண்டு அஞ்சிப் பின்வாங்கிய நூற்றுக்கணக்கானோர் இவ்வாறு சிறை சென்றனர். முதலாளியின் சரக்கைக் காத்த சட்டம் மாலுமியின் உயிரை ஒப்பந்தத்தின் ஒரு பகுதியாக மட்டுமே கண்டது.

பிளிம்சாலின் வழி

1824இல் பிரிஸ்டலில் பிறந்த பிளிம்சால் கடலோடி அல்லர், நிலக்கரி வணிகர். தொழிலில் நொடித்து, லண்டனில் ஏழைத் தொழிலாளர் தங்கும் விடுதியில் சில காலம் வாழ்ந்தவர். அந்த வாழ்க்கை தமக்கு உழைப்பாளரின் நேர்மையையும் ஒருவருக்கொருவர் உதவும் குணத்தையும் காட்டியதாக அவர் பின்னாளில் எழுதினார். கப்பல் எந்த மட்டத்துக்கு மேல் அமிழக் கூடாது என்று அதன் பக்கத்தில் காட்டும் சுமைக்கோடு என்ற எண்ணமும் அவருடையது அன்று. நியூகாசிலைச் சேர்ந்த கப்பல் உடைமையாளர் ஜேம்ஸ் ஹால் 1860களிலேயே அதற்காகக் குரல் கொடுத்துவந்தார். 1868இல் அவைக்குள் நுழைந்த பிளிம்சால் அக்கோரிக்கையை நாடாளுமன்றத்துக்குள் எடுத்துச் சென்றார். தொடக்க முயற்சிகள் தோற்றதும் 1873இல் ‘நமது மாலுமிகள்’ என்ற நூலை வெளியிட்டார். ஆவணங்களின் நகல்கள், கணக்குகள், இறந்தவர் குடும்பங்களின் நிலை ஆகியவற்றை ஒன்றுசேர்த்த அந்நூல் நாட்டையே உலுக்கியது. அவதூறு வழக்குகளும் தொடர்ந்தன. மனைவி எலைசா இப்போராட்டம் முழுவதிலும் அவருக்குத் துணை நின்றார்.

மக்களின் கொதிப்பைக் கண்ட கிளாட்ஸ்டன் அரசு, சோமர்செட் பிரபுவின் தலைமையில் ஓர் அரச ஆணையத்தை அமைத்தது. 1874இல் வந்த அதன் அறிக்கை, எல்லாக் கப்பல்களுக்கும் பொதுவான சுமைக்கோட்டை ஏற்கவில்லை. எதிர்த்தவர்களின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. கப்பலின் வடிவம், வயது, சரக்கு, பருவம் ஆகியவற்றைப் பொறுத்துத் தாங்கும் சுமை மாறும் என்றனர். அரசு சான்றளித்தால் முதலாளியின் பொறுப்புணர்வு குறையும் என்று கப்பல் துறையை மேற்பார்த்த அரசு அமைப்பான வணிக வாரியத்தின் அதிகாரிகள் அஞ்சினர். பிறநாட்டுக் கப்பல்கள் சரக்கைக் கவர்ந்துகொள்ளும் என்ற கவலையும் இருந்தது.

எதிர்க்கட்சி வரிசையிலிருந்து

1874 தேர்தலில் டிஸ்ரேலியின் கன்சர்வேடிவ் கட்சி ஆட்சிக்கு வந்தது. பிளிம்சால் எதிர்க்கட்சி உறுப்பினரானார். அவ்வாண்டு ஜூனில் அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவுக்கு ஆதரவாக 170 வாக்குகளும் எதிராக 173 வாக்குகளும் விழுந்தன. மூன்றே வாக்கில் தோற்றாலும், அரசு இனி வாளாவிருக்க முடியாது என்பதை அது உணர்த்தியது. 1875இல் அரசே ஒரு மசோதாவைக் கொண்டுவந்தது.

ஆனால் 1875 ஜூலை 22 அன்று, வேளாண் நிலக் குத்தகை தொடர்பான மசோதாவுக்கு நேரம் ஒதுக்குவதற்காகக் கப்பல் மசோதாவைக் கைவிடுவதாக டிஸ்ரேலி அறிவித்தார். அது மற்றொரு குளிர்காலத்துக்கு மாலுமிகளைக் காப்பின்றி அனுப்புவதாகும். பிளிம்சால் அவையின் நடுவே வந்து நின்று முழங்கினார். மூழ்கிய கப்பல்களின் பெயர்களைச் சொல்லி, அவற்றின் உடைமையாளரான பிளிமத் உறுப்பினர் எட்வர்ட் பேட்ஸைக் குறிப்பிட்டார். மாலுமிகளைச் சாவுக்கு அனுப்புவோரை ‘வில்லன்கள்’ என்றார். சபாநாயகர் கேட்டும் சொல்லைத் திரும்பப் பெறவில்லை. அவரைக் கண்டிக்க டிஸ்ரேலி தீர்மானம் கொண்டுவந்தார். லிபரல் தலைவர் ஹார்டிங்டன் தலையிட, ஒரு வாரம் தவணை கிடைத்தது.

அந்த ஒரு வாரமே திருப்புமுனை. ஊர்தோறும் கூட்டங்கள் நடந்தன, மனுக்கள் குவிந்தன. ஜூலை 29 அன்று பிளிம்சால் தம் சொற்களுக்காக அவையிடம் மன்னிப்புக் கேட்டார். கூறிய உண்மைகளில் உறுதியாக நின்றார். அதற்குள் அரசு இறங்கிவந்திருந்தது. ஆகஸ்டில் ஓராண்டுக்கான தற்காலிகச் சட்டம் நிறைவேறியது. பாதுகாப்பற்ற கப்பலைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் வணிக வாரிய அதிகாரிகளுக்குக் கிடைத்தது. மாலுமிகளில் நான்கில் ஒரு பங்கினர் முறையிட்டால், பிணைத்தொகை கேட்காமலே கப்பலைச் சோதிக்க வழி பிறந்தது. ஒப்பந்தத்தில் கட்டுண்டு கிடந்தவரின் குரலுக்குச் சட்டம் முதன்முறையாக எடை கொடுத்தது இங்கேதான்.

1876: அரைகுறை வெற்றி

1876ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டம் இவற்றை நிலைப்படுத்தியது. மேல்தளச் சரக்குக்கும் தானியச் சரக்குக்கும் கட்டுப்பாடுகள் வந்தன. சுமைக்கோடும் கட்டாயமாயிற்று. ஆனால் அதன் இடம் முதலாளியின் விருப்பத்துக்கே விடப்பட்டது. கார்டிஃப் கப்பல் தலைவர் ஒருவர் புகைபோக்கியிலேயே கோடு வரைந்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. அது நடந்ததோ இல்லையோ, சட்டத்தின் ஓட்டையை மக்கள் புரிந்துகொண்டிருந்தார்கள் என்பதற்கு அக்கதையே சான்று.

1880இல் பிளிம்சால் தம் தொகுதியை வில்லியம் ஹார்கோர்ட்டுக்கு விட்டுக்கொடுத்தார். உள்துறை அமைச்சரான அவர் தம்மைவிட மாலுமிகளுக்கு அதிகம் செய்வார் என்ற நம்பிக்கையே காரணம். எஞ்சிய வேலையைப் பொறியாளர்கள் செய்தார்கள். கப்பல்களைத் தரப்படுத்தும் லாயிட்ஸ் பதிவகத்தின் தலைமை ஆய்வாளர் பெஞ்சமின் மார்ட்டெல், கப்பலின் வடிவத்துக்கும் நீளத்துக்கும் ஏற்ப, நீர்மட்டத்துக்கு மேலே பக்கச்சுவர் எவ்வளவு உயரம் தெரிய வேண்டும் என்று அட்டவணைகள் வகுத்தார். 1882இல் அவை வெளியாயின. கப்பல் வடிவமைப்பாளர் எட்வர்ட் ரீடின் தலைமையில் அமைந்த அரசுக் குழு அவ்வகைக் கணக்கு நடைமுறைக்கு உகந்தது என்று ஏற்றது. 1874இல் ஆணையம் முன்வைத்த தொழில்நுட்பத் தடைக்கு விடை கிடைத்தது. 1890ஆம் ஆண்டுச் சட்டம், அத்தகைய அட்டவணைகளின்படியே கோட்டின் இடத்தைக் குறிக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது.

1906இல் பிரிட்டிஷ் துறைமுகங்களுக்கு வரும் பிறநாட்டுக் கப்பல்களுக்கும் விதி விரிந்தது. பிறநாட்டுப் போட்டி என்ற பழைய மறுப்பும் அத்துடன் வலுவிழந்தது. அதே ஆண்டு அட்டவணைகள் தளர்த்தப்பட்டு, கூடுதல் சுமைக்கு இடம் தரப்பட்டது. அளவு என்பது என்றும் போராட்டத்துக்குரியதே என்பதை இது காட்டுகிறது. 1930, 1966 ஆண்டுகளின் உடன்படிக்கைகள் சுமைக்கோட்டை உலக விதியாக்கின. இன்று தூத்துக்குடியிலோ சென்னையிலோ நிற்கும் சரக்குக் கப்பல்களின் பக்கத்தில் காணும் வட்டமும் குறுக்குக்கோடும் அதன் தொடர்ச்சியே. கோடை, குளிர்காலம், வெப்பக் கடல், நன்னீர் என அருகிலேயே தனித்தனிக் கோடுகளும் உண்டு. ஆற்று நீரில் சற்றே ஆழமாக அமிழ்ந்த கப்பல் உப்புக் கடலுக்கு வந்ததும் எழும் என்பது வரை கணக்கில் சேர்ந்திருக்கிறது.

முடிவுரை

அமைச்சர் பதவியோ பெரும்பான்மையோ இல்லாத ஓர் உறுப்பினர் ஆவணங்களைத் திரட்டி, வாக்கெடுப்பில் அரசை நெருக்கி, மக்களின் ஆதரவை அவைக்குள் கொண்டுவந்தார். மாலுமியின் உயிர் தனியார் ஒப்பந்தத்தின் எல்லையைக் கடந்து நாட்டின் பொறுப்பாயிற்று. இது பிளிம்சாலின் மறுக்க முடியாத சாதனை. எனினும் 1876க்கும் 1890க்கும் இடையிலான பதினான்கு ஆண்டுகளைத் தாண்டிச் சென்றுவிட்டால் பாதி வரலாறே கிடைக்கும். கடமையை விதித்துவிட்டு அதன் அளவைக் கடமைப்பட்டவரிடமே விடும் சட்டம் காகிதத்தில்தான் காக்கும். பாதுகாப்பை உறுதிசெய்வதாகச் சொல்லும் எந்தச் சட்டத்தையும், அதன் அளவை யார் குறிக்கிறார், யார் சரிபார்க்கிறார் என்ற இரண்டு கேள்விகளோடு படிக்க வேண்டும் என்பதே சுமைக்கோட்டின் வரலாறு தரும் முடிவு.